டிடெக்டிவ் ஏஜென்சி ரிவ்யூ: ஓனருக்கு ஒரு ஸ்டார், ஏட்டய்யாவுக்கு நாலரை

ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. சித்தப்பாவின் ஆதார் நகல், பாஸ்புக் நகல், குடும்பப் போட்டோ எல்லாம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன. வம்பை விலைக்கு வாங்க எனக்குத் தெம்பில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனமில்லை என்று நினைக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் கோவையிலும் சென்னையிலும் சில இடங்களில் விசாரித்தேன். எங்கே போனாலும் அதே கண்ணாடி மேஜை, அதே 'நூறு பர்சன்ட் ரகசியம்', அதே அட்வான்ஸ். வீட்டில் ஒருவர் காணாமல் போய், டிடெக்டிவ் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஆள் தேடுகிறவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. அது வேறு தொழில், அதில் இவர்கள் கெட்டிக்காரர்களாகவே இருக்கலாம்.

சித்தப்பா பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வயது 61. 2024 ஆடி அமாவாசை அன்று காலையில், அவர் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் பேரூர் படித்துறைக்குப் போகிறேன் என்று கிளம்பினார். டிவிஎஸ் ஃபிஃப்டியை பஸ் ஸ்டாண்டில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் நிறுத்தி டோக்கன் வாங்கியிருக்கிறார். ஆற்றில் குளிக்கப் போகிற இடத்துக்குப் போன் எதற்கு என்று அதை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போனார். வரவில்லை. கடன் கிடையாது, வீட்டில் சண்டை கிடையாது, ஞாபக மறதி கிடையாது. ஸ்டேஷனில் முதலில் புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது, அப்புறம் 'மேன் மிஸ்ஸிங்' என்று எஃப்.ஐ.ஆர். அதன் பிறகு போகும்போதெல்லாம் "தேடிட்டுத்தாம்மா இருக்கோம்" என்ற பதில். அவர்களைத் திட்டுவது இந்த ரிவ்யூவின் வேலை இல்லை. ஒரு எஸ்.ஐ. தலையில் எத்தனை கேஸ், எத்தனை பந்தோபஸ்து என்று பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள்தான் நான்.

சில மாதங்கள் இப்படியே ஓடிய பிறகு சித்தி ஒருநாள் சொன்னார்: "காசு போனாப் போகுது கண்ணு. யாராச்சும் ஒருத்தரு இதே வேலையாத் தேடட்டும்." அப்படித்தான் ஏஜென்சிக்குப் போனோம்.

'மிஸ்ஸிங் பர்சன் பேக்கேஜ்' என்றே அதற்குப் பெயர். அட்வான்ஸ் 25,000 ரூபாய், ஃபீல்டு செலவு 15,000, ஆள் கிடைத்தால் மேற்கொண்டு 50,000. 30 நாள் வேலை, 5 மாவட்டம். ஓனர் நல்ல பேச்சுக்காரர். டை கட்டியிருந்தார். காபி வரவழைத்தார். நாங்கள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள், "டவர் லொகேஷன் எடுத்துரலாம் மேடம், அதுல தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சிரும்" என்றார். போன் வீட்டில்தான் இருக்கிறது என்றேன். ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "பரவால்லைங்க மேடம், லாஸ்ட் லொகேஷன் எடுத்துரலாம்." அந்த லாஸ்ட் லொகேஷன் எங்கள் ஃபிரிட்ஜ் பக்கத்து பிளக் பாயின்ட்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டவர் லொகேஷனும் சி.டி.ஆர். எனப்படும் அழைப்புப் பட்டியலும் டிடெக்டிவுக்குச் சட்டப்படி கிடைக்காது. போலீஸ்கூட அதற்கென்று உள்ள அதிகாரி வழியாகத்தான் டெலிகாம் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். தனியார் ஒருவர் "எடுத்துத் தருகிறேன்" என்றால், ஒன்று பொய், இல்லையென்றால் திருட்டு. 2018இல் மகாராஷ்டிராவில் தானே போலீஸார் இப்படி சி.டி.ஆர். வாங்கி விற்றதாகப் பல தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தார்கள். அது நாடு முழுக்கச் செய்தியானது. நாம் பணம் கொடுத்து வாங்கச் சொன்னால் அந்தக் கேஸில் நம் பெயரும் வரும். இன்னொன்று: நம் நாட்டில் டிடெக்டிவ் தொழிலுக்கென்று லைசென்ஸே கிடையாது. வாட்ச்மேன், செக்யூரிட்டி அனுப்பும் நிறுவனங்களுக்கு 2005இல் வந்த சட்டம் இருக்கிறது. டிடெக்டிவ்களுக்கு 2007இல் ராஜ்யசபாவில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவே ஆகவில்லை. ஆகவே சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் 'கவர்ன்மென்ட் ரிஜிஸ்டர்டு' சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கம்பெனிப் பதிவோ ஜிஎஸ்டி பதிவோதான். அதே பதிவை வைத்து அவர் மாவு மில்லும் நடத்தலாம்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் பணம் கட்டினாய் என்று கேட்பீர்கள். சித்தி கேட்டார், கட்டினேன். அவ்வளவுதான் பதில். காணாமல் போனவர் வீட்டில் சும்மா இருப்பதற்குத்தான் பெரிய தைரியம் வேண்டும்.

சரி, இந்த 40,000 ரூபாயில் உருப்படியாக எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மனிதர். ரிட்டயர்டு ஏட்டு. சர்வீஸில் கடைசிச் சில வருடங்கள் ரயில்வே போலீஸில் இருந்தவர். ஏஜென்சி அவரை நாள்கூலி மாதிரி கூப்பிட்டுக்கொள்கிறது. டவுன் பஸ்ஸில் வந்தார், கையில் மஞ்சள் பை, அதற்குள் நீள நோட்டு. சித்தி அவரைப் பார்த்த உடனேயே "ஏட்டய்யா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

வந்தவர் கடைசி நாளைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தோம். அதை எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி சித்திக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. அவர் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் படித்தார். அதில் அங்க அடையாளம் என்ற இடத்தில் 'மாநிறம், ஒல்லியான உடல்வாகு, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி' என்று இருந்தது. "அமாவாசை அன்னிக்குப் பேரூர்ல நின்ன ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு இப்படித்தானம்மா இருந்திருப்பாங்க" என்றார். அப்புறம் கேட்டார்: "சட்டையெல்லாம் ரெடிமேடா, தைக்கறதா?"

தைப்பதுதான். சித்தி பீரோவிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தார். அவர் காலரைப் புரட்டி உள்பக்கம் பார்த்தார். டெய்லர் லேபிள். கடைப் பெயர் இருந்தது, போன் நம்பரில் பாதி அழிந்திருந்தது. நேராக அந்த டெய்லரிடம் போய், அளவு நோட்டில் சித்தப்பாவின் பக்கத்தைத் தேடி எடுக்க வைத்தார். சட்டை உயரம், தோள், மார்பு, கை நீளம், கழுத்து, பேன்ட் இடுப்பு, கால் நீளம் எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. கழுத்து பதினைந்தரை. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத சித்தப்பா அந்த நோட்டில் இருந்தார். ஏட்டய்யா அதை அப்படியே காப்பி எடுத்துக்கொண்டார். அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் போலீஸ் முதலில் பார்ப்பதே டெய்லர் லேபிளையும் சலவைக் குறியையும்தானாம். முகம் சில நாளில் மாறிவிடும், லேபிள் மாறாது.

அதற்கப்புறம் கேள்விகள் வரிசையாக வந்தன. அரைஞாண் கயிறு கறுப்பா சிவப்பா? கறுப்பு, அதில் ஒரு தாயத்து. பல் கட்டியிருக்கிறாரா? ஆமாம், மேல்வரிசையில் இரண்டு. எந்த டாக்டர்? ஆபரேஷன் தழும்பு? வலது பக்கம், ஹெர்னியா. எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம்? பச்சை குத்தியிருக்கிறாரா? இல்லை. செருப்பு எந்தப் பக்கம் தேயும்? இதற்குச் சித்தி எழுந்துபோய் பழைய செருப்பைக் கொண்டுவந்து காட்டினார். கை விரல்? இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும், லேத்தில் அடிபட்டது. சித்தி இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அழாமல் சித்தப்பாவைப் பற்றிப் பேசினார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது.

அந்த நகத்தைப் பற்றி ஏட்டய்யா ஒரு விஷயம் சொன்னார். இதை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். "நோட்டீஸ்ல எல்லா அடையாளத்தையும் போட்டுராதீங்க. ஒண்ணை வீட்டுக்குள்ளயே வெச்சுக்குங்க." ஏன் என்று சீக்கிரமே தெரிந்தது. ஏஜென்சி அடித்த போஸ்டரில் சித்தியின் நம்பரையே போட்டுவிட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கெல்லாம் போன் வர ஆரம்பித்தது. ஒருவன் விழுப்புரத்தில் இருந்து பேசுவதாகச் சொன்னான். ஆள் ஆக்சிடென்ட் ஆகி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், டாக்டர் ஊசிக்குப் பணம் கேட்கிறார், 5,000 ஜிபே பண்ணுங்கள் என்றான். சித்தி அதற்குள் நகையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நான் போனை வாங்கி, "இடது கட்டைவிரல் எப்படி இருக்குங்க?" என்றேன். "நல்லா இருக்குங்க, அடி ஒண்ணும் இல்லை" என்றான். வைத்துவிட்டேன். போஸ்டருக்கென்று தனி சிம் வாங்குங்கள். அதை வீட்டில் நெஞ்சு உரமுள்ள ஒருவர் கையில் கொடுங்கள்.

தேடும் இடம் பற்றியும் ஏட்டய்யாவுக்கு முன்னால் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ரயில் பாதையில் ஒருவர் இறந்துகிடந்தால் அது உள்ளூர் ஸ்டேஷன் கணக்கில் வராது. ரயில்வே போலீஸ் தனி அமைப்பு, தனி வழக்கு எண், தனிப் பதிவேடு. கோவை, ஈரோடு ஸ்டேஷன்களில் போய்த் தனியாகப் பார்க்க வேண்டும். உடலை யாரும் கேட்டு வராவிட்டால் ஜி.எச். பிணவறையில் கொஞ்ச நாள் வைத்திருந்து அடக்கம் செய்துவிடுவார்கள், போட்டோவும் துணியும்தான் பாக்கி இருக்கும். இன்னொன்று, வாளையார் தாண்டினால் கேரளா. கோவையில் தவறிய ஆள் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாதவராக இருக்கலாம். இங்கே இருக்கிற எஃப்.ஐ.ஆர். பற்றி அங்கே உள்ள ஏட்டுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பேக்கேஜில் 5 மாவட்டமும் தமிழ்நாட்டுக்குள்தான். ஏட்டய்யா உக்கடத்தில் பஸ் ஏறித் தன் கணக்கில் பாலக்காடு போய்வந்தார். அவருக்கு மலையாளம் கொஞ்சம் வரும்.

அவருடைய நீள நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, ஸ்டேஷன் அல்லது ஆஸ்பத்திரி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பதிவேடு பார்த்தார், காட்டியவர் பதவி, என்னென்ன உடல்கள் வயது ஒத்துவந்தன, ஏன் இல்லை என்று எழுதியிருந்தார். 'அரைஞாண் சிவப்பு, பொருந்தவில்லை.' 'கை நீளம் அதிகம், பொருந்தவில்லை.' 'பச்சை குத்தியுள்ளது, பொருந்தவில்லை.' பக்கம் பக்கமாக இப்படித்தான். சித்தி அந்த நோட்டை வாங்கி மெதுவாகப் படித்தார். படித்து முடித்து, "அப்ப இத்தனை எடத்துல அவரு இல்லை" என்றார். அன்றைக்கு ராத்திரி தூங்கினார் என்று என் தங்கச்சி சொன்னாள். ஸ்டேஷனில் 'தேடிட்டு இருக்கோம்' என்றும், ஏஜென்சியில் 'கிடைச்சிருவார்' என்றும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வீட்டுக்கு, எங்கே பார்த்தோம், எங்கே இல்லை என்று ஒருவர் கையெழுத்தில் எழுதிக் கொடுத்ததுதான் முதல் உருப்படியான பதில். நான் பணம் கொடுத்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

இனி ஓனரின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஸ்பைரல் பைண்டிங், கலர் பிரின்ட், முதல் பக்கத்தில் பூதக்கண்ணாடிப் படம். உள்ளே பழனி, திருவண்ணாமலை, ராமேஸ்வரம், ஏர்வாடி என்று கோயில், தர்கா ஊர்களில் அவர்களுடைய ஃபீல்டு பையன் போஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோக்கள். பழனிப் போட்டோவில் ஜிபிஎஸ் முத்திரை, தேதி, நேரம் எல்லாம் இருந்தது. அது உண்மை. ஏர்வாடிப் போட்டோவில் முத்திரை இல்லை. பையன் தோளுக்குப் பின்னால் ஒரு ஃபிளெக்ஸ். சந்தனக்கூடு விழாவுக்கு வரவேற்பு. பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் 2022. நாங்கள் பணம் கட்டியது 2025இல். கையில் இருந்த போஸ்டரையும் பெரிதாக்கினேன். அது எங்கள் சித்தப்பாவே இல்லை, வேறு யாரோ ஒரு வீட்டுப் பையன்.

போன் போட்டேன். "ஃபைல் போட்டோ மாறிருச்சுங்க மேடம், ஆபீஸ் பொண்ணு மிஸ்டேக் பண்ணிருச்சு" என்றார். சரியான போட்டோவை அனுப்புங்கள் என்றேன். இன்றுவரை வரவில்லை. எனக்குக் கோபம் போட்டோவைப் பற்றி மட்டும் அல்ல. ஏர்வாடி சாதாரண இடம் இல்லை. மனநலம் தவறியவர்களைக் கொண்டுவந்து விடும் ஊர். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு கொட்டகையில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் அந்த மாதிரி இடங்களை அரசாங்கம் இழுத்து மூடியது. காணாமல் போனவரைத் தேடும் குடும்பங்கள் இன்றும் அங்கே போய்ப் பார்க்கின்றன, காரணத்தோடுதான் போகின்றன. அங்கே போகாமலேயே போனதாக எழுதினால், பார்க்க வேண்டிய ஒரு இடம் பார்த்தாகிவிட்டது என்று குடும்பம் கோடு போட்டுவிடும்.

ரிப்போர்ட்டின் கடைசி வரி: 'தென் மாவட்ட ஆன்மிகத் தலங்களில் இருக்க வாய்ப்பு அதிகம், தேடலை நீட்டிக்கப் பரிந்துரைக்கிறோம்.' நீட்டிப்புக் கட்டணம் 20,000. இதற்கு முன்பே என் பெரியம்மா சித்தியைப் பொள்ளாச்சிப் பக்கம் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிற ஒருவரிடம் கூட்டிப்போயிருந்தார். அவரும் "தெக்கே, கோயில் பக்கம், தண்ணி ஓரமா இருக்காரு" என்றுதான் சொன்னார். அவர் வாங்கியது 501 ரூபாய், கூடவே ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்து அனுப்பினார்.

ஏஜென்சி தருவதாகச் சொல்லும் பல வேலைகள் காசில்லாமலே நடக்கக்கூடியவை. எங்களுக்கு இதில் பாதி ஏட்டய்யா சொல்லித்தான் தெரியும், மீதி நானே படித்துத் தெரிந்துகொண்டது.

புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குழந்தை என்றால் கட்டாயம் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. குழந்தையை நான்கு மாதத்தில் கண்டுபிடிக்காவிட்டால் கேஸ் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 193. இதைச் சண்டைக்காகக் கேட்க வேண்டாம், ஒரு மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பேச்சே வேறு மாதிரி ஆகும். ஆட்கொணர்வு மனு பற்றியும் எல்லாரும் சொல்வார்கள். யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டுவதற்கு ஏதாவது இருந்தால்தான் அது சரியான வழி. வெறுமனே காணவில்லை என்றால் கோர்ட் திருப்பி அனுப்பவும் வாய்ப்பிருக்கிறது, வக்கீல் ஃபீஸ் போனதுதான் மிச்சம்.

சிசிடிவி. இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பெரும்பாலான கடைகளில் சில வாரத்திலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பல மாதம் கழித்து வந்த ஏஜென்சி "சிசிடிவி கலெக்ட் பண்ணுவோம்" என்று பேக்கேஜில் எழுதியிருந்ததற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

மனநலம் சரியில்லாமல் தெருவில் திரிபவரைப் பார்த்தால், அவருக்காகக் காணாமல் போனோர் எஃப்.ஐ.ஆர். பதிந்து, குடும்பத்தைத் தேட வேண்டியது ஸ்டேஷன் அதிகாரியின் கடமை என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. அதாவது ஆளைத் தேடும் எஃப்.ஐ.ஆர். ஒரு ஊரில், குடும்பத்தைத் தேடும் எஃப்.ஐ.ஆர். இன்னொரு ஊரில் இருக்கலாம். இரண்டும் சந்திக்க வைக்க ஒருவர் நடக்க வேண்டும். சென்னையில் 2021இல் மாநகரப் போலீஸ் ஆரம்பித்த 'காவல் கரங்கள்' அப்படி நடக்கும் வேலையைச் செய்கிறது. தெருவில் கிடப்பவர்களை மீட்டு, தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து இல்லங்களில் சேர்க்கிறார்கள், வீட்டைக் கண்டுபிடித்து அனுப்புகிறார்கள், கேட்பாரற்ற உடல்களை அடக்கமும் செய்கிறார்கள். அங்கே விசாரித்தபோது போட்டோவையும் விவரத்தையும் பொறுமையாக வாங்கிக்கொண்டார்கள். வடக்கே மும்பை பக்கம் கர்ஜத்தில் டாக்டர் பரத் வாட்வானியின் ஷ்ரத்தா மறுவாழ்வு அறக்கட்டளை, தெருவில் திரிந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்து, பேச்சு வந்த பிறகு ஊர் கேட்டு, கொண்டுபோய் விடுகிறது. 2018இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ரயில் ஏறியவர் எந்த மாநிலத்தில் இறங்கினாரோ என்று நினைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த மாதிரி இடங்களின் பட்டியல்தான் வேண்டும். ஏஜென்சி ரிப்போர்ட்டில் இதில் ஒன்றுகூட இல்லை.

ஆதாரைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள்: கைரேகை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா? உயிரோடு ஒரு இல்லத்தில் இருந்து, அங்கே புதிதாக ஆதார் எடுக்க முயன்று, 'ஏற்கெனவே இருக்கிறது' என்று நிராகரிக்கப்பட்டதில் வீடு தெரியவந்தவர்கள் உண்டு. அப்படிச் சில குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அடையாளம் தெரியாத உடலின் கைரேகையைப் போட்டுப் பார்க்கும் வேலைக்கு ஆதார் சட்டம் இடம் கொடுப்பதில்லை. டி.என்.ஏ.வும் அப்படித்தான். காணாமல் போனவர்களின் உறவினர் மாதிரியையும் அடையாளம் தெரியாத உடல்களின் மாதிரியையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட 2019இல் மக்களவைக்கு ஒரு மசோதா வந்தது. தனியுரிமை பற்றி நிறையக் கேள்விகள் எழுந்தன. அவை நியாயமான கேள்விகள்தான். 2023 ஜூலையில் மசோதாவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆக, குறிப்பிட்ட ஒரு உடல் மேல் சந்தேகம் வந்தால்தான் சோதனை. என் தம்பி ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கிறான், எதோடு ஒப்பிடுவது?

காசு இருந்தால் பதில் கிடைக்கும் என்ற நினைப்பில்தான் இந்த ஏஜென்சிகள் பிழைக்கின்றன. திருச்சியில் 2012 மார்ச் 29 அன்று விடிகாலை வாக்கிங் போன தொழிலதிபர் ராமஜெயம் அன்றைக்கே கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். தி.மு.க.வின் மூத்த தலைவர் கே.என். நேருவின் தம்பி. தனிப்படை, சி.பி.சி.ஐ.டி., 2017இல் கோர்ட் உத்தரவில் சி.பி.ஐ., 2022இல் சிறப்புப் புலனாய்வுக் குழு, அப்புறம் ஒரு டஜன் பேருக்கு உண்மை கண்டறியும் சோதனை என்று எல்லாம் நடந்தது. அந்த வீட்டுக்கு இல்லாத செல்வாக்கா? வருஷங்கள் ஓடியும் கொன்றது யார் என்று அவர்களுக்கும் தெரியாமலே இருந்தது. இதைச் சொல்லித்தான் நான் சித்தியை நீட்டிப்புக் கட்டணம் கட்டவிடாமல் நிறுத்தினேன்.

இன்னொரு விஷயம், இது எந்தப் பேக்கேஜிலும் இல்லாதது. ஆள் திரும்பி வராத வீட்டில் காகித வேலை நிற்பதில்லை. வருடா வருடம் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டிய பென்ஷன், கொடுக்க ஆள் இல்லாததால் நின்றது. ஏழு வருடம் தகவல் இல்லாமல் போனால்தான் இறந்ததாகச் சட்டம் கருதும். புதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 111, பழையதில் 108. மத்திய அரசு வேலையில் இருந்தவர் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டு ஆறு மாதத்தில் குடும்பப் பென்ஷன் கேட்கலாம். சித்தப்பா இருந்தது தனியார் கம்பெனி. உறவில் ஒரு பாட்டி, நடுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, பொட்டு வைக்கலாமா கூடாதா என்று யாரையாவது கேட்டுச் சொல்லுங்கள் என்றார். சித்தி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு வந்தார். இதற்கெல்லாம் வழி சொல்ல மாவட்ட கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. பென்ஷன் மனுவை அங்கேதான் எழுதினோம்.

ரேட்டிங். ஏஜென்சிக்கு ஒரு ஸ்டார், அதுவும் பழனிக்கு நிஜமாகவே போனதற்கு. ஏட்டய்யாவுக்கு நாலரை. அரை ஸ்டார் குறைத்தது அவர் ஏஜென்சி பெயரில் வந்ததற்கு. அவருக்கு ஒரு நாளைக்கு 800 ரூபாய்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது.

யாராவது இதற்குப் பிறகும் ஏஜென்சிக்குப் போவதென்றால் போங்கள், தப்பில்லை. ஆனால் பணம் கட்டும் முன் சிலதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தெந்த ஸ்டேஷன், பிணவறை, இல்லம் என்று பெயரோடு பட்டியல். ஒவ்வொரு போட்டோவுக்கும் ஜிபிஎஸ் முத்திரை. பார்த்த பதிவேட்டின் மாதம், வருடம். வேலை முடிந்ததும் ஆதார், பாஸ்புக் நகல்களைத் திருப்பித் தருவோம் என்று ஒரு வரி. ஃபீல்டுக்குப் போகிற ஆளின் பெயரும் முன் அனுபவமும். ஓனரிடம் பேசாமல் அந்த ஆளோடு அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். முதல் கேள்வியே போன் நம்பர் என்றால் எழுந்து வந்துவிடலாம். பில் கேளுங்கள், எங்களுக்குக் கேட்டும் வரவில்லை.

ஏட்டய்யா இப்போது ஏஜென்சியை விட்டுவிட்டார். மாதத்தில் ஒருநாள் தானே ரயில்வே ஸ்டேஷன் பதிவேடுகளைப் பார்த்துவிட்டுச் சித்திக்குப் போன் செய்கிறார். பஸ் காசுக்கு மேல் வாங்க மாட்டேன் என்கிறார். போன மாதம் அவர் பார்த்தது திருச்சூர். பொருந்தவில்லை.